கோபுரத்தின் உயரம் பங்கின் வளர்ச்சி ஆகாது

கட்டுகிற பங்கு வளர்கிற பங்கு, கட்டாத பங்கு தூங்குகிற பங்கு. இந்தக் கருத்து நம் பக்கத்துக் கத்தோலிக்கரிடையே கேள்வி கேட்க ஆளில்லாமல் வேரூன்றிவிட்டது. கண்டரமாணிக்கம், கல்லல், தேவகோட்டை, காளையார்கோவில் என்று இந்த வட்டாரத்தில் ஞாயிறு பூசை முடிந்து நாலு பேர் நின்று பேசினால், எந்த ஊரில் கோயில் வேலை எதுவரை வந்திருக்கிறது என்பதில்தான் பேச்சு வந்து நிற்கிறது. பெல்ட் போட்டாயிற்றா, லிண்டல் மட்டம் தாண்டியதா, தளம் எப்போது, கோபுரம் எத்தனை அடி. அந்த ஊரில் மறைக்கல்வி வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, படுக்கையில் கிடக்கும் கிழவிக்கு நன்மை கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று யாரும் விசாரிப்பதில்லை.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். தேவைக்குக் கட்டும் கோயிலை மறுக்கவில்லை. கோயிலே இல்லாத கிளைக்கிராமத்துக்கு ஒரு கோயில் வேண்டும். சுவர் சாய்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிட்ட கட்டடத்தை இறக்கித்தான் ஆக வேண்டும். நன்றாக நிற்கும் கோயிலை இடித்துப் பெரிதாக்குவதையே வளர்ச்சி என்று எண்ணுவதும், அந்த வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதை வைத்து விசுவாசத்தை அளப்பதும்தான் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் நேர்மையாக அடுக்கிவிடலாம். கிறிஸ்துமஸுக்கும் பாஸ்காவுக்கும் திருவிழாவுக்கும் பாதிச் சனம் வெளியே நிற்கிறது, இடம் போதவில்லை. பழைய கட்டடம் ஒழுகுகிறது, பூசிப் பூசிச் செலவழிப்பதைவிடப் புதிதாகக் கட்டிவிடுவது மேல். நாம் மாடிவீடு கட்டிக்கொண்டு ஆண்டவரைப் பழைய ஓட்டுக்குக் கீழே வைத்திருப்பது முறையல்ல. கஞ்சிக்கில்லாத காலத்திலேயே நம் முன்னோர் பெரிய பெரிய கோயில்களைக் கட்டினார்கள். சுற்றிலும் கும்பாபிஷேகம் நடக்கிறது, பள்ளிவாசலில் மினார் எழும்புகிறது, நாமும் இந்த மண்ணில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? கோயில் வேலை என்று வந்தால்தான் பிரிந்துகிடக்கும் ஊர் ஒன்றுசேர்கிறது. இப்போதிருக்கிற பங்குத்தந்தை மாறிப்போவதற்குள் முடித்தால்தான் உண்டு. எல்லாமே நல்ல மனசோடு சொல்லப்படுகிற வாதங்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1. எந்த நாளில் இடம் போதவில்லை?

ஆண்டுக்கு 52 ஞாயிறு. நான் பூசை கண்ட கிராமக் கோயில்களில் சாதாரண ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. நிரம்பி வழிவது கிறிஸ்துமஸ் இரவு, பெரிய வெள்ளி, பாஸ்கா, பாதுகாவலர் திருவிழா என்று நாலைந்து நாள். அன்றைக்குத் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்திருப்பார்கள். கொடியிறக்கி இரண்டாம் நாள் பஸ் ஏறிவிடுவார்கள். அந்த நாலைந்து நாள் கூட்டத்துக்காக மீதி 360 நாளும் வெறிச்சோடிக் கிடக்கும் மண்டபத்தைக் கட்டுவது எந்தக் கணக்கில் சேரும்?

கூட்டத்தை அடக்க வேறு வழிகள் உண்டு. பெருநாளில் இரண்டு பூசை வைக்கலாம். கோயிலின் இரண்டு பக்கமும் ஓட்டுத் தாழ்வாரம் இழுத்து, பக்கச் சுவரில் அகலமான கதவுகள் திறந்தால் உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் ஒரே பீடத்தைப் பார்க்கலாம். இலங்கையில் கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம் இதற்கு நல்ல முன்மாதிரி. 1923இல் அடிக்கல் நாட்டி 1935இல் அர்ச்சித்த அந்தக் கோயில், செதுக்கிய கல்தூண்களின் மேல் கண்டிய அரசவை மண்டபத்தின் பாணியில் கூரை போட்ட திறந்த மண்டபம். காற்று தடையில்லாமல் உள்ளே வந்து போகிறது.

நம் வெயிலுக்கு இது இன்னும் பொருந்தும். செட்டிநாட்டு வீடுகளில் கூரை ஏன் அவ்வளவு உயரம், வளவு ஏன் திறந்து கிடக்கிறது, சுவருக்கு ஏன் அவ்வளவு கனம் என்பதை இந்த ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவு நம் காலடியில் இருக்கும்போது, நகரத்துக் கல்யாண மண்டபத்தைப் பார்த்துக் கான்கிரீட் தளம் போட்டுவிட்டு, சித்திரையில் பூசை காண முடியவில்லை என்று ஏசிக்கு வரி போடுகிறோம்.

2. ஒழுகினால் அடைக்க வேண்டும், இடிக்க வேண்டியதில்லை.

ஒழுகுகிறது, அதனால் இடித்துவிடலாம் என்று முடிவு செய்திருந்த ஒரு பழைய கோயிலின் மேல் ஏறிப் பார்த்திருக்கிறேன். மட்டப்பாவின் மூலையில் மழைநீர்த் தூம்பைச் சருகும் காக்கைக்கூடும் அடைத்திருந்தன. வெளியேற வழியில்லாத தண்ணீர் தேங்கி ஊறிச் சுவருக்குள் இறங்கியிருந்தது. கைப்பிடிச்சுவர் இடுக்கில் ஓர் ஆலங்கன்று, விரல் பருமனுக்கு வேர்விட்டு, செங்கல்லைப் பிளக்கத் தொடங்கியிருந்தது. கீழே தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு யாரோ சிமெண்டு பூசியிருந்தார்கள். அதைத் தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டது. கொஞ்சம் பெயர்த்தால் பின்னால் சொதசொதவென்று ஈரம். இந்த மூன்று கோளாறுக்கும் காரணம் பராமரிப்பு இல்லாமையும் தவறான பூச்சும். வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள்.

சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, செங்கல்லை அரித்து, உப்புப் பூக்கும். பழுது பார்க்கிறோம் என்று நாம் செய்ததே பல கோயில்களைப் பழுதாக்கியிருக்கிறது. அதற்கு மருந்து மறுபடி சுண்ணாம்பே. கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

புதிது உறுதியானது என்ற நம்பிக்கையும் சோதிக்க வேண்டியதே. கான்கிரீட்டில் இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் கம்பி. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பிக்கு அது தரும் காப்பைக் குறைக்கிறது. பிறகு கம்பி துருப்பிடித்து உப்பி, மேல்பூச்சைத் தள்ளுகிறது. சாதாரணக் கான்கிரீட் கட்டடத்துக்குப் பொறியாளர்கள் கணக்கிடும் ஆயுள் 50 ஆண்டை ஒட்டித்தான். நூறு வயதைத் தாண்டிய காரைச் சுவரை இடித்துவிட்டு, நம் பேரப்பிள்ளைகள் மறுபடி இடிக்கப்போகும் கட்டடத்தை எழுப்புகிறோம்.

இடிக்கச் சொல்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் புதியதைக் கட்டப்போகிறவரே பழையது தேறாது என்றும் தீர்ப்புச் சொல்கிறார். காரைக் கட்டடம் தெரிந்த, இந்த வேலையில் லாபமில்லாத ஒரு பொறியாளர் எழுத்தில் கொடுக்கும் அறிக்கை இல்லாமல் ஒரு செங்கல்லையும் பெயர்க்கக் கூடாது.

3. மறைநூலைப் பாதியில் நிறுத்தி வாசிக்கக் கூடாது.

இறைவாக்கினர் ஆகாயைத் துணைக்கு அழைக்கிறார்கள். மக்கள் தங்கள் வீடுகளுக்குப் பலகை வேய்ந்து வாழ, ஆண்டவரின் இல்லம் பாழாய்க் கிடக்கிறதே என்று அவர் கடிந்துகொண்டது உண்மை. அது கி.மு. 520. பாபிலோனியர் அழித்த ஆலயம் அப்போது தரைமட்டமாகக் கிடந்தது. இடிந்ததைக் கட்டச் சொன்ன வாக்கு அது. நிற்பதை இடிக்க அதிலிருந்து உத்தரவு எடுக்க முடியாது. கேதுரு மாளிகையில் இருந்த தாவீது ஆலயம் கட்ட ஆசைப்பட்டபோது, தான் கூடாரத்தில் இருந்ததைப் பற்றி எப்போதாவது குறைசொன்னேனா என்று ஆண்டவர் கேட்ட இடமும் அதே மறைநூலில்தான் இருக்கிறது. கட்டடக் குழுக் கூட்டங்களில் அந்தப் பகுதி வாசிக்கப்பட்டு நான் கேட்டதில்லை.

அடுத்து, விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் மேல் ஊற்றிய பெண். இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாசு என்று சொல்லி, கேள்வி கேட்பவரின் வாயை அடைக்கிறார்கள். அந்தப் பெண் உடைத்தது தன் சொந்தக் குப்பியை. பக்கத்து வீட்டுக்காரியிடம் வரி வாங்கி அவள் தைலம் வாங்கவில்லை. ஏழைகள் எப்போதும் உங்களோடு இருப்பார்கள் என்று இயேசு சொன்னது இணைச்சட்ட நூலின் 15ஆம் அதிகாரத்தை நினைவூட்டி. ஏழைகள் நாட்டில் இருந்துகொண்டே இருப்பார்கள், ஆகவே அவர்களுக்குக் கையைத் தாராளமாகத் திற என்பதுதான் அங்கே உள்ள கட்டளை.

மாற்கு நற்செய்தியில் 12ஆம் அதிகாரத்தின் கடைசியையும் 13இன் தொடக்கத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டிக்கிறார். உடனே ஓர் ஏழைக் கைம்பெண் தன் பிழைப்புக்கு வைத்திருந்த இரண்டு காசையும் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் போடுவதைக் காண்கிறார். வெளியே வந்ததும் ஒரு சீடர் ஆலயத்தின் கற்களையும் கட்டடங்களையும் காட்டி வியக்கிறார். அது முழுவதும் சரியும் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். இந்த மூன்றும் அடுத்தடுத்து வருவதைக் கவனித்தவர்கள், அந்தக் கைம்பெண்ணை மட்டும் தனியே எடுத்து நன்கொடைப் பிரசங்கத்துக்குப் பயன்படுத்த மாட்டார்கள்.

4. முன்னோரைச் சாட்சிக்கு அழைத்தால் அவர்கள் நமக்கு எதிராகவே பேசுவார்கள்.

இடைக்காட்டூர் திரு இருதயக் கோயிலை எடுத்துக்கொள்வோம். வைகைக் கரையில் மானாமதுரைக்குப் பக்கத்தில், இயேசு சபையின் பெர்டினான்ட் செல் அடிகள் பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மனத்தில் வைத்துக் கட்டியது. 1894இல் முடிந்தது. தூணுக்கும் வளைவுக்கும் மடிப்புக்கும் தனித்தனி அச்சில் வார்த்த செங்கற்கள். இன்று சிவகங்கை மறைமாவட்டத்துக்கே பெருமை. ஏன் பெருமை? 130 ஆண்டாக யாரும் அதை இடிக்கவில்லை என்பதால். 1950இல் ஒரு குழு கூடி, காலத்துக்கு ஏற்றாற்போல் மாற்றுவோம் என்று தீர்மானம் போட்டிருந்தால் இன்று நாம் பெருமைப்பட அங்கே என்ன இருந்திருக்கும்? அதே தலைமுறையினர் கட்டிய சிறு கோயில்களை இடிப்பதற்கு இடைக்காட்டூரை ஆதாரம் காட்டுவது முரண்.

மேதக்கையும் சொல்கிறார்கள். தெலங்கானாவில் இருக்கும் அந்தப் பெரிய பேராலயத்தைச் சார்லஸ் பாஸ்னெட் பஞ்ச காலத்தில் தொடங்கி 1924 கிறிஸ்துமஸ் அன்று திறந்தார். பசித்தவர்களுக்கு வேலையும் சோறும் கிடைக்க வேண்டும் என்பதே அவர் அந்தக் கட்டுமானத்தை எடுத்ததற்குக் காரணம். அங்கே கோயில் ஏழைக்குக் கூலி கொடுத்தது. இங்கே கூலிக்காரர் கோயிலுக்குக் கொடுக்கிறார், வேலை வெளியூர் ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்குப் போகிறது. இரண்டையும் ஒன்றாகப் பேச முடியாது.

இன்னும் பின்னால் போனால், திருச்சபை பெருகிய முதல் மூன்று நூற்றாண்டுகளில் விசுவாசிகள் கூடியது பெரும்பாலும் வீடுகளில். சிரியாவின் துரா யூரோப்போசில் அகழ்ந்தெடுத்த 3ஆம் நூற்றாண்டு ஆலயம், ஒரு சாதாரண வீட்டை வழிபாட்டுக்கு ஏற்ப மாற்றியதுதான். பிறந்த குழந்தைக்குத் தொட்டில் தேவை. தொட்டிலைப் பெரிதாக்கினால் குழந்தை வளரும் என்று எந்தத் தாயும் நினைப்பதில்லை.

5. அடுத்தவர் கைவிடும் பழக்கத்தை நாம் பிடித்துக்கொள்கிறோம்.

சுற்றியுள்ள சமயத்தார் கட்டுகிறார்களே என்ற வாதம், செட்டிநாட்டில் நின்று சொல்லும்போது கூடுதல் கவனம் கேட்கிறது. இந்த மண்ணின் நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழ்நாடெங்கும் சிவாலயங்களுக்குத் திருப்பணி செய்தார்கள். அவர்களுடைய கொடை மிகப் பெரியது. ஆனால் பழைய கட்டுமானத்தைப் பிரித்து முழுக்கப் புதுக்கல்லால் எழுப்பிய இடங்களில் பழைய கல்வெட்டுகள் அழிந்துபோயின என்று வரலாற்று ஆய்வாளர்கள் வெகுகாலமாக வருந்திவருகிறார்கள். அந்த வருத்தம் இன்று சட்டமாகவும் பேசுகிறது. பழமையான கோயில்களையும் சின்னங்களையும் பாதுகாப்பது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் 75 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. இன்று எந்தப் பழைய கோயிலில் திருப்பணி என்றாலும் பழமை மாறாமல் செய்கிறார்களா என்ற கேள்வி எழுகிறது.

அவர்கள் விலைகொடுத்துக் கற்ற பாடத்தை நாம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். போட்டி என்று வைத்துக்கொண்டாலும், பழையதைக் காப்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். 1963இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, வெறும் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகை நாடும்படி ஆயர்களைக் கேட்கிறது. கலைமதிப்புள்ள பொருள்கள் கைமாறிப் போகாமலும் அழியாமலும் காக்கும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைக்கிறது. தேக்குப் பீடமும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் பழைய மணியும் நாம் நினைத்தபடி தள்ளிவிடக்கூடிய தட்டுமுட்டுச் சாமான்கள் அல்ல.

6. வரியால் வந்த ஒற்றுமை வரி தீரும்வரைதான்.

கோயில் வேலை ஊரை ஒன்றுசேர்க்கிறது என்கிறார்கள். எப்படிச் சேர்க்கிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்போம். 300 தலைக்கட்டு உள்ள ஒரு பங்கு, 3 கோடி ரூபாயில் கோயில் என்று வைத்துக்கொண்டால் தலைக்கட்டுக்கு 1 லட்சம். சிங்கப்பூரில் பொறியாளராக இருக்கும் மகனுடைய வீடும் ஒரு தலைக்கட்டு. நூறு நாள் வேலைக்குப் போகும் கைம்பெண்ணின் வீடும் ஒரு தலைக்கட்டு. 2025இல் அந்த வேலைக்கு ஒரு நாள் கூலி 300 ரூபாய் சொச்சம். நூறு நாளும் முழுசாக வேலை கிடைத்து, ஒரு ரூபாய்கூடச் சாப்பாட்டுக்கு எடுக்காமல் கட்டினாலும் ஏறத்தாழ மூன்று ஆண்டு பிடிக்கும். கோயில் வாசலில் ஒட்டிய பாக்கிப் பட்டியலில் தன் பெயர் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க, அவர் அந்த வாசல் வழியாகத்தான் நன்மை வாங்க உள்ளே போக வேண்டும். நுழைவாயில் சலவைக்கல்லில் பெயர் பொறிக்கப்படுவது யாருடையது, பாக்கித் தாளில் ஒட்டப்படுவது யாருடையது என்று பார்த்தால் அந்த ஒற்றுமையின் தரம் புரியும்.

திருச்சபையின் மரபு வேறு திசையைக் காட்டுகிறது. 4ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோசியார், சிறைபிடிக்கப்பட்டவர்களை மீட்கக் கோயிலின் புனிதப் பாத்திரங்களையே உருக்கிக் கொடுத்தார். அதற்காகத் தூற்றியவர்களுக்கு, பொன்னைக் காப்பதைவிட ஆன்மாக்களைக் காப்பதே திருச்சபையின் வேலை என்று பதில் எழுதினார். கிறிஸ்துவைக் கோயிலுக்குள் பட்டால் போர்த்திவிட்டு வெளியே குளிரில் நடுங்க விடுவதால் என்ன பயன் என்று கேட்டவர் கிறிசோஸ்தோம் அருளப்பர்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 537ஆம் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும். 1287இன்படி, மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும். 1267இன்படி, ஒரு நோக்கத்துக்கென்று கொடுத்ததை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும். வாங்கிய வரிக்குப் பாக்கிப் பட்டியல் ஒட்டுகிற குழு, செலவுக் கணக்கையும் அதே பலகையில் அதே பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும்.

கட்டடம் தானாகவே ஒற்றுமையைக் கொண்டுவந்துவிடும் என்பதற்கு வடக்கன்குளம் மறுப்பாக நிற்கிறது. 1872இல் அங்கே எழுந்த பெரிய கோயில், சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து உட்காரவைக்கும் அமைப்போடு கட்டப்பட்டது. அந்தத் தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. பிரிந்த ஊர் கோயில் கட்டினால் பிரிவினை சுவராக எழும். மைய ஊரில் கோடிக்கணக்கில் செலவழித்துவிட்டு, அதே பங்கின் கிளைக்கிராமத்தில், பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் தெருவில், தகரக் கொட்டகைக்குக் கீழே பூசை வைத்தால், நாமும் ஒரு தடுப்புச் சுவரைக் கட்டியிருக்கிறோம் என்றே பொருள்.

7. வேகம் யாருக்குத் தேவை?

பங்குத்தந்தையின் பதவிக்காலம் சில ஆண்டு. அதற்குள் அடிக்கல், தளம், கோபுரம், அர்ச்சிப்பு எல்லாம் முடிய வேண்டும் என்ற அவசரத்தில்தான் கடன் வாங்கப்படுகிறது, கான்கிரீட் ஆறுவதற்குள் முட்டு பிரிக்கப்படுகிறது, கிளைக்கிராமத்துப் பூசை தள்ளிப்போகிறது, பங்குத்தந்தை மேய்ப்பராக இருக்க நேரமில்லாமல் மேஸ்திரியாகிறார். அவரும் பாவம், மாறிப்போகும் ஊரில் இவர் என்ன கட்டினார் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நல்ல குருக்களை இப்படி ஆக்கியதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு.

முடியாத கோயில் அவமானம் என்ற எண்ணத்துக்கு வரலாற்றில் இடமில்லை. ஜெர்மனியில் கொலோன் பேராலயத்துக்கு 1248இல் அடிக்கல் நாட்டினார்கள். 16ஆம் நூற்றாண்டில் வேலை நின்றுபோய், முந்நூறு ஆண்டாகக் கோபுரம் அரைகுறையாக நின்றது. முடிந்தது 1880இல். பார்சிலோனாவின் திருக்குடும்பக் கோயில் 1882இல் தொடங்கிக் காணிக்கையைக் கொண்டே வளர்ந்தது. அதன் கட்டடக் கலைஞர் கௌதி 1926இல் இறந்தார். 2010இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அர்ச்சித்தபோதும் வேலை முடிந்திருக்கவில்லை. காணிக்கை வந்த அளவுக்குக் கட்டினார்கள், கட்டிய அளவுக்குள் வழிபட்டார்கள்.

நம்மவர் ஒருவரின் எடுத்துக்காட்டும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்து, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வி. எஸ். அசரியா, தோர்ணக்கல்லில் இந்தியக் கட்டடக்கலையில் ஒரு பேராலயம் எழுப்பினார். அது பிரதிஷ்டையானது 1939இல். அதற்கு முன்பே அவருடைய மறைமாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் லட்சக்கணக்கில் பெருகியிருந்தார்கள். கிராமம் கிராமமாக உபதேசியார்களை அனுப்பியதால் நடந்த பெருக்கம் அது. கட்டினால் வளரும் என்பவர்கள் தோர்ணக்கல்லின் வரிசையைப் பார்க்க வேண்டும். முதலில் மக்கள், பின்னால் பேராலயம்.

8. அர்ச்சிப்புக்கு மறுநாளிலிருந்து செலவு யாருடையது?

கட்டுவதற்குப் பணம் திரட்டத் தெரிந்த குழுக்களில், அடுத்த 20 ஆண்டு வைத்துக் காப்பதற்குத் திட்டம் போட்ட குழுவை நான் பார்த்ததில்லை. வெள்ளையடிப்பு, மின்கட்டணம், 80 அடிக் கோபுரத்தின் உச்சியில் பழுதானால் சாரம் கட்டும் கூலி, ஒலிபெருக்கி, கூட்டிப்பெருக்க ஆள். இத்தனையையும் சாதாரண ஞாயிறு உண்டியல் தாங்குமா?

பெரிதாகக் கட்டிவிட்டுப் பராமரிக்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் செட்டிநாட்டைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் இந்தியாவில் குறைவு. பர்மாத் தேக்கும் முட்டைப் பூச்சுமாகத் தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள், வருஷத்தில் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கின்றன. பங்காளிகள் பெருகி, செலவைப் பங்கிட முடியாமல், எத்தனையோ வீடுகள் பிரிக்கப்பட்டுவிட்டன. தூணும் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நின்றன. உலகப் பாரம்பரியச் சின்னமாகும் தகுதி உண்டு என்று 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிய வீடுகளின் கதையே இது. பணம் படைத்த குடும்பங்களுக்கே இந்த நிலை என்றால், பிள்ளைகளெல்லாம் வெளியூர் போய்விட்ட கூலிக்காரப் பங்கு ஒன்று கட்டும் பெரிய கோயில் 30 ஆண்டு கழித்து எப்படி இருக்கும்?

இந்தக் கவலை எனக்கு மட்டும் உரியதல்ல. திருச்சபைச் சட்டம் 1215, புதுக் கோயிலுக்கு ஆயரின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும் என்கிறது. குருக்கள் மன்றத்தையும் பக்கத்துக் கோயில் பொறுப்பாளர்களையும் கேட்ட பிறகு, அந்தக் கோயில் மக்களின் ஆன்ம நலனுக்குப் பயன்படும் என்றும், கட்டுவதற்கும் வழிபாட்டை நடத்துவதற்கும் வேண்டிய வசதி குறைவுபடாது என்றும் உறுதியானால்தான் அவர் அனுமதி தரலாம். கட்டும் வசதியோடு நடத்தும் வசதியும் சேர்ந்தே கேட்கப்படுகிறது. நாம் முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அடிக்கல் நாட்டுகிறோம்.

இவ்வளவுக்குப் பிறகு செய்ய வேண்டியது என்ன?

பங்கின் வளர்ச்சியை அளக்க வேண்டுமென்றால் வேறு அளவுகள் இருக்கின்றன. இந்த ஆண்டு புதிதாக எத்தனை இளைஞர்கள் மறைக்கல்வி கற்பிக்க முன்வந்தார்கள்? கிளைக்கிராமங்களில் மாதம் எத்தனை பூசை? பணமில்லாமல் படிப்பை விடவிருந்த எத்தனை பிள்ளைகளைப் பங்கு கைதூக்கிவிட்டது? பேச்சுவார்த்தை இல்லாத எத்தனை குடும்பங்கள் பேசத் தொடங்கின? இவற்றுக்குப் பதில் சொல்ல முடிந்த பங்கு ஓட்டுக் கூரைக்குக் கீழே இருந்தாலும் வளர்ந்த பங்குதான். சருகணியில் 1973இல் மறைந்த லெவே அடிகளை இந்தப் பக்கத்து மக்கள் இன்றும் கல்லறை தேடிப்போய் நினைப்பது, ஏழைகளோடு ஏழையாக அவர் வாழ்ந்ததற்காக.

உங்கள் பங்கில் இடிப்பதற்குத் தீர்மானம் வந்தால், கையெழுத்துப் போடும் முன் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று ஆறு கேள்வி கேளுங்கள். பழைய கட்டடம் தேறாது என்று நடுநிலையான பொறியாளர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? பெருநாள் நீங்கலாக, மூன்று மாத ஞாயிறுகளில் தலை எண்ணிப் பார்த்தீர்களா? தாழ்வாரம் இழுத்து, பழுது நீக்கினால் ஆகும் செலவைக் கணக்குப் போட்டீர்களா? எல்லா வீட்டுக்கும் ஒரே வரி என்பதை விட்டு, அவரவர் வருமானத்துக்குத் தக்கபடி மனமுவந்து கொடுக்கும் ஏற்பாடு உண்டா? மாதாமாதம் வரவுசெலவு வாசலில் ஒட்டப்படுமா? கோயிலில்லாத கிளைக்கிராமத்துக்கு முதலில் கட்டிவிட்டோமா?

ஆறுக்கும் நேரான பதில் கிடைத்தால் கட்டுங்கள். அந்தக் கோயிலை எதிர்க்க எனக்கு ஒரு காரணமும் இராது. ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் இடிக்க விடாதீர்கள். இடித்த பிறகு கேட்கும் கேள்வியால் பழைய சுவர் திரும்பாது, அந்தக் கைம்பெண்ணின் மூன்றாண்டுக் கூலியும் திரும்பாது. கேட்க வேண்டிய நேரம் அடிக்கல்லுக்கு முன்பு.